பாடினோரும் கிளவித்தலைவரும்: கள ஆய்வில் பெயர் சுட்டல்

புறநானூற்றுப் பாடல்களின் அடியில் காணப்பெறும் பழைய குறிப்புக்கள், திணையும் துறையும் கூறிப் பாடப்பட்டோர் இன்னார், பாடினோர் இன்னார் என உரைப்பன. பாட்டுப் பிறந்த சூழலைச் சுட்டும் குறிப்புக்களும் உள. புலவர் பெயர் தெரியாதவிடத்துத் தொகுத்தோர் வாளா இருந்தாரல்லர். பாட்டில் வந்த அருந்தொடர் ஒன்றனையே அவர்க்குப் பெயராக இட்டு வழங்கினர். குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார் என்னும் பெயர் அவ்வாறு அமைந்ததாகும். அம்முயற்சியும் கைகூடாமல் பெயரின்றி நின்றுவிட்ட பாடல்கள் தொகை நூல்களில் இல்லாமல் இல்லை. எனினும் பாட்டுக்கு உடையவர் ஒருவர் உளர், அவரைச் சுட்டுதல் தொகுப்போர் கடன் என்னும் எண்ணம் அக்காலத்தே வேரூன்றியிருந்தமை இவற்றால் பெறப்படும்.

அகத்திணையில் இதனோடு மற்றொரு நெறியும் வந்து சேர்கின்றது. அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டியுரைத்தல் கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த வரையறை. எனவே, அகப்பாட்டில் பாடினோர் பெயர் வெளிப்படும். எவர் நெஞ்சின் நிகழ்ச்சி பாடப்படுகின்றதோ அக்கிளவித்தலைவர் பெயர் மறையும். இருவரும் வேறு வேறு ஆளாக இருத்தலால், ஒருவரைச் சிறப்பித்தலும் மற்றவரைக் காத்தலும் ஒருங்கே இயன்றன. வாய்மொழிப் பாடல்களைத் தொகுக்கப் புகும் ஆய்வு மாணவர்க்கு இவ்வசதி இல்லை. கணவனை இழந்த ஒருத்தி, தன் கொழுந்தன் நிலத்தைக் கவர்ந்துகொண்ட கொடுமையை ஒப்பாரியில் வைத்துப் பாடுகின்றாள் எனக் கொள்வோம். பாடினோளும் அவளே, கிளவித்தலைவியும் அவளே. புலவர் என்ற முறையில் அவள் பெயரை எழுதினால், தலைவி என்ற முறையில் அவளைத் தெருவில் நிறுத்தியவராவோம். தலைவியைக் காத்தற்பொருட்டுப் பெயரை மறைத்தால், புலவரின் உரிமையைப் பறித்தவராவோம். தமிழ்த்துறைகளின் கள ஆய்வு பற்றி எழும் அறவினாக்களுள் கடினமானது இதுவே என்பது எம் கருத்து. தென்காசி, குற்றாலம் ஆகிய ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த பகுதியையும் களமாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண், நம் தொகுப்பாசிரியர்கள் இதில் நடந்துகொண்ட முறையை நோக்குதல் வேண்டும். உ.வே. சாமிநாதையர் தம் பதிப்பு முகவுரைகளில் ஏடு உதவியோர் பெயரையும் ஊரையும் வரிசைப்படுத்தி எழுதியமையைத் தமிழ் மாணவர் எல்லாரும் அறிவர். ஏடு வைத்திருந்தவர் அந்நூலை இயற்றியவர் அல்லர். அவருள் சிலர் அதனைப் படித்தவரும் அல்லர். அவர்க்கே அத்துணை நன்றி காட்டப்பட்டது. வாய்மொழிப் பாடல் அச்சேறத் தொடங்கியபோது இவ்வழக்கம் தளர்ந்துவிட்டது. பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கில அதிகாரி தொகுத்த பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையம் 1958இல் ‘மலையருவி’ என்னும் பெயரால் வெளியிட்டது. தொகுத்தவரை அறிவோம், பதிப்பித்தவரை அறிவோம், அப்பாடல்களைப் பாடிய உழவரையும் உழத்தியரையும் இன்று பெயர் சொல்லி அறியோம். நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ (1964) ஒரு படி முன்னேறியது. பாட்டின் அடியில் வட்டார வழக்குக்கு விளக்கமும், சேகரித்தவர் பெயரும், இடமும் அதில் தரப்பெற்றன. இன்றைய தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த சிவகிரி வட்டாரத்திலிருந்து எஸ்.எம். கார்க்கி சேகரித்த பாடல்கள் அதில் உள. சிற்சில இடங்களில் உதவியவர் பெயரும் உண்டு. ஆயினும் தவறாது நின்ற பெயர் சேகரித்தவர் பெயரே.

இதனைக் கூறுதல் அவர்தம் தொண்டை மறப்பதாகாது. நாட்டுப் பாடல் மக்கள் அனைவர்க்கும் உடைமை, தனியொருவர்க்கு உரியதன்று என்னும் கொள்கை அக்காலத்தில் வலுவுற்றிருந்தது. அதில் உண்மையும் உண்டு. தாலாட்டின் மெட்டு பொது. மாமன் சீர் கொண்டுவரும் வாய்பாடும் பொது. ஆனால், சீர் கொண்டுவராத மாமனை அந்த வாய்பாட்டுக்குள் நுழைத்துக் குத்திக்காட்டியவள் ஒருத்தி. அவள் பொதுமக்கள் அல்லள். பாடல் பொது என்னும் கொள்கை பாடியவரைக் கேளாமல் எடுத்துக்கொள்ளுதற்கு வசதியாகவும் அமைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாகும்.

பல்கலைக்கழகங்களில் நாட்டுப்புறவியல் பாடமானபின் நிலை தலைகீழாயிற்று. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் தே. லூர்து முதலியோர் முயற்சியால் நாட்டார் வழக்காற்றியல் தனித்துறையாக வளர்ந்தது. 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றியது. தென்காசி, செங்கோட்டை, கடையம், ஆலங்குளம் முதலிய ஊர்கள் ஆய்வு மாணவர் கால் படும் களங்களாயின. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ‘தகவலாளர் பட்டியல்’ என்று ஒரு பகுதி நிலைபெற்றது. பெயர், வயது, சாதி, தொழில், கல்வி, ஊர் எனக் கட்டங்கள் போட்டு நிரப்புதல் அதன் முறை. கல்விக் கட்டத்தில் ‘இல்லை’ என்றே பெரும்பாலும் காணப்படும். நூறு பாட்டை நெஞ்சில் வைத்திருக்கும் மூதாட்டிக்குக் கல்வி இல்லை என்று எழுதும் கை சற்றும் தயங்காமை வியப்பே!

இப்பட்டியலின் பெயர்களைப் புறநானூற்றுக் குறிப்பின் பெயர்களோடு ஒப்பிடுதல் பொருந்தாது. ஒப்பாரி ஆய்வேட்டின் நான்காம் இயலில் பாட்டு இருக்கும். அதன் அடியில் எவர் பெயரும் இராது. பெயர் பின்னிணைப்பில் எண்ணோடு இருக்கும். பாடினோரைச் சிறப்பித்தற்கு அது எழுதப்படவில்லை. மாணவர் களத்துக்குச் சென்றார் என்பதற்குத் தேர்வாளர் முன் வைக்கும் சான்றாகவே எழுதப்பட்டது. எனவே, பெயர் வேண்டிய இடத்தில் இல்லாமலும், வேண்டாத இடத்தில் சாதியோடும் வயதோடும் சேர்ந்தும் நிற்கின்றது.

ஆய்வேடு நூலக அடுக்கில் தூசு படிந்து கிடந்த காலத்தில் இதனால் விளைந்த தீங்கு சிறிது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆய்வேட்டின் மின்படியையும் ஒப்படைக்கச் செய்தன. ‘சோத்கங்கா’ என்னும் களஞ்சியத்தில் அவை இன்று எவரும் படிக்கக் கிடைக்கின்றன. பழைய ஆய்வேடுகளும் மின்படியாக்கப்பட்டு அங்கே ஏற்றப்படுகின்றன. 1995இல் திண்ணையில் அமர்ந்து பாடிய ஒருவர், தம் கொழுந்தனின் பேரன் கைபேசியில் அப்பாட்டையும் பின்னிணைப்பையும் சேர்த்துப் படிப்பான் என்று எண்ணியிருக்க வழியில்லை. அன்று அவர் தந்த இசைவு இதற்கும் செல்லும் என்று கூறுதல் எவ்வாற்றானும் பொருந்துமாறில்லை.

இசைவு என்றதும், மருத்துவத்துறையினர் வகுத்த நெறிகளை எடுத்துக்காட்டுதல் இன்று வழக்கமாகிவிட்டது. நாசி மருத்துவர்களின் கொடுமைகளை விசாரித்தபின் 1947இல் எழுந்த நூரம்பர்க் நெறி, ஆய்வுக்கு உட்படுபவரின் தன்விருப்பான இசைவை முதற்கட்டளையாக்கியது. 1979இல் அமெரிக்காவில் வெளிவந்த பெல்மாண்ட் அறிக்கை, ஆளை மதித்தல், நன்மை செய்தல், நடுவுநிலைமை என மூன்றாக வகுத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டு நெறிகள் 2017இல் திருத்தி வெளியிடப்பெற்றன. இவை போற்றற்குரியவையே. மருத்துவக் கல்லூரி மாணவர் அறநெறிக் குழுவின் ஒப்புதலின்றி நோயாளியிடம் வினாநிரலை நீட்ட இயலாது. தமிழ்த்துறைகளில் அவ்வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. ஆயினும், அந்நெறிகளை அப்படியே பெயர்த்து நட்டால் நம் மண்ணில் பிழைக்குமா என்பது ஐயம். இரண்டு இடர்ப்பாடுகளை மட்டும் கூறுவோம்.

ஒன்று, கையொப்பம். இசைவுப் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குக என்பர். நம் சிற்றூர்களில் தாளில் கைநாட்டு வைத்த நினைவு கடனோடும் நிலப்பத்திரத்தோடும் கலந்தது. பாடச் சொல்லிவிட்டுத் தாளை நீட்டும் மாணவரைக் கண்டு ஒரு மூதாட்டி அஞ்சுவாராயின் அவ்வச்சம் அறியாமையால் வந்ததன்று, பட்டறிவால் வந்தது. வாய்மொழியாகப் பாடுபவரிடம் வாய்மொழியாகவே இசைவு கேட்டு, கேட்டதையும் சொன்னதையும் ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே பதிந்துவைத்தல் தக்கது.

மற்றொன்று இதனினும் நுட்பமானது. அயல்நாட்டு நெறிகள் ஆய்வாளரை அயலாராகவே கருதி வகுக்கப்பட்டவை. நம் ஆய்வு மாணவர் பெரும்பாலும் அயலார் அல்லர். தம் ஊரிலோ, தாய் பிறந்த ஊரிலோ, பக்கத்து ஊரிலோதான் பாடல் தேடுகின்றனர். பாடுபவர் அவர்க்கு ஆச்சியாகவோ அத்தையாகவோ பெரியம்மையாகவோ இருப்பர். பேத்தி வந்து, “ஆச்சி, ஒரு பாட்டுப் படிங்க, எனக்குப் பட்டம் கிடைக்கும்” என்று கேட்டால் எந்த ஆச்சி மறுப்பார்? அவர் இசைந்தது பேத்திக்கு. பல்கலைக்கழகத்துக்கு அவர் இசைந்தாரா, தேர்வாளர்க்கு இசைந்தாரா, முன்பின் அறியாத படிப்பாளர்க்கு இசைந்தாரா என்பவை தனித்தனி வினாக்கள். உறவு முறை இசைவை எளிதாக்குகின்றது. எளிதாக்குவதனாலேயே அதனை நம்பத்தகாததாகவும் ஆக்குகின்றது. வேற்றூரார்க்குச் சொல்லத் துணியாத குடும்பச் செய்தியைப் பேத்திக்குச் சொல்லும் உரிமையால் அவர் பாடியிருக்கக் கூடும். ஆதலின் உறவினரிடம் தொகுப்பவர், இது வீட்டுக்கா ஏட்டுக்கா என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுத் தெளிதல் வேண்டும்.

ஒப்பாரியில் வேறு ஒரு சிக்கலும் உண்டு. சாவு நிகழாத வீட்டில் ஒப்பாரி பாடலாகாது என்னும் நம்பிக்கை நம் நாட்டில் பரவலாக உள்ளது. ஆய்வு மாணவரோ துக்க வீட்டில் கருவியை நீட்டக் கூசி, பிறிதொரு நாளில் வந்து பாடுமாறு வேண்டுவர். துக்க வீட்டில் பதிந்தால் இங்கிதக் கேடு. நல்ல நாளில் பாடச் சொன்னால் அமங்கலம். இரண்டுக்கும் இடையே சிலர் வயற்காட்டிலோ ஊருக்கு வெளியே மரத்தடியிலோ அமர்ந்து பாடித்தர இசைவர். அவ்வாறு இடத்தைத் தேர்ந்தெடுத்தல் பாடுபவர் செயலாக இருத்தல் வேண்டும். பாடி முடித்தபின் அவர் மனம் படும் பாட்டுக்கு யார் பொறுப்பு என்பதையும் மாணவர் எண்ணிப் பார்த்தல் நன்று. இருபதாண்டுகட்கு முன் இறந்த மகனை அரைமணி நேரம் அழுது பாடச் செய்துவிட்டு, கடைசிப் பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்து வருதல் எவ்வகை ஆராய்ச்சி? மறுநாட் காலையில், “அந்தப் பாட்ட மட்டும் எழுதிராத, தாயி” என்று அவர் சொல்லுவாராயின் அதுவே அறிஞர் கூறும் ‘விலகும் உரிமை’. இயலின் மிகச் சிறந்த சான்று அப்பாட்டாக இருந்தாலும் அதனை நீக்கவேண்டும். இவ்விடத்தில் நெறியாளர் மாணவரின் பக்கம் நின்று, சான்று குறைந்த இயலை ஏற்றுக்கொள்ளுதல் இன்றியமையாதது. மாணவர்க்கு அறம் கூறும் நூல்கள் இந்நெறியாளர் கடமையைப் பெரிதும் பேசுவதில்லை.

கதைப்பாடல்களில் தீங்கு ஒருவரோடு நிற்பதில்லை, சாதிகளுக்கிடையே செல்கின்றது. முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்வோம். அந்தணர் குலத்து முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்துப் பெண்களாகிய பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாடு கவர்ந்தோரோடு பொருது மாண்ட கதை அது. காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலில் அவன் தெய்வமாக நிற்கின்றான். அப்பெண்கள் பிறப்பால் அந்தணரே, சக்கிலியர் எடுத்து வளர்த்தனர் என்று மாற்றிப் பாடும் பாடமும் உண்டு. அது பின்னர்ப் புகுத்தப்பட்டது என வானமாமலை ஆய்ந்து காட்டினார். பாடம் வேறுபடுதற்குக் கேட்போர் ஒரு காரணம் என்பது நாட்டார் வழக்காற்றியலின் அடிப்படைப் பாடம். வில்லிசைப் புலவர் கோயில் கொடையில், ஊர்ப்பெரியோர் முன்னிலையில் ஒரு பாடம் பாடக்கூடும். தம் வீட்டுத் திண்ணையில் மாணவர்க்கு வேறு பாடம் சொல்லக்கூடும். திண்ணைப் பாடத்தைப் புலவர் பெயரோடும் ஊரோடும் அச்சிட்டால், அடுத்த ஆண்டுக் கொடைக்கு அவரை அழைப்பாரா? வில்லிசைப் புலவர் தொழிற்கலைஞர். பெயரைச் சுட்டினால் பெருமையே என்று நாம் எளிதாக எண்ணிவிடுகின்றோம். பொதுவில் அது மெய்யே. கொடையில் பாடியதற்குப் பெயர் வேண்டும். திண்ணையில் சொன்னதற்கு அவரைக் கேட்கவேண்டும். புறம் எனக் கருதியதற்குள்ளும் அகம் உண்டு.

பாடத்தைத் திருத்துதல் பற்றியும் ஒரு சொல். தென்காசியைச் சேர்ந்தவரும் குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்தவருமாகிய ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார், கம்பன் பாடல் என ஏட்டில் உள்ளவற்றுள் தம் சுவையுணர்வுக்கு ஒவ்வாதவற்றை இடைச்செருகல் என விலக்கினார். சொற்களை மாற்றியும் படித்தார். அதன் சரிபிழை பற்றித் தமிழ்நாட்டில் நெடுங்காலம் வழக்கு நடந்தது. கம்பன் வந்து மறுக்கவில்லை. உயிரோடு இருக்கும் ஒருவர் பாடியதை, கொச்சை நீக்கி, ஆபாசம் எனத் தோன்றிய அடியை விட்டு, எதுகையைச் சீர்செய்து அச்சிடும் மாணவர் அவரிடம் திரும்பச் சென்று படித்துக் காட்டலாம். படித்துக் காட்டுதற்கு ஆகும் பேருந்துக் கட்டணம் மிகச் சிறிது. ஆயினும் திரும்பச் செல்வோர் அரியர்.

இனி, கொடுக்கல் வாங்கல். குற்றாலத்துக்கு அண்மையில் உள்ள மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அதற்கு நிலம் கொடையாக அளித்தார். அந்நிலம் குறவஞ்சிமேடு என வழங்கலாயிற்று. குறத்தியின் வாயால் மலைவளமும் குறியும் பாடிய புலவர் நிலம் பெற்றார். அவர் பாட்டின் பின்னே நின்ற மலைக்குறத்தியர் எவர், அவர் எதுவும் பெற்றனரா என்று எவரும் கேட்டதில்லை. இலக்கியத்தில் அவ்வாறு கேட்டல் மரபும் அன்று. நூலுக்குள்ளோ நிலை வேறு. அங்கே குறி சொல்லும் சிங்கி கூலியின்றிச் சொல்பவள் அல்லள். உண்டி கேட்கின்றாள், வெற்றிலை பாக்குக் கேட்கின்றாள், பெற்ற அணிகளைப் பூண்டு வருகின்றாள். தன் அறிவுக்கு மதிப்பு உண்டு என்பதை அறிந்தவளாகவே கவிராயர் அவளைப் படைத்திருக்கின்றார். நம் ஆய்வேடுகளின் ‘தகவலாளர்’ அவளினும் ஒரு படி தாழ்ந்து நிற்கின்றனர் எனலாம்.

பாடியவர்க்குப் பணம் கொடுத்தால் தரவு கெட்டுவிடும் என்பர் சிலர். உண்மையில் கெடுவது எது என்று பார்த்தல் வேண்டும். தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலிக் கணக்கு. மடியில் பீடித்தட்டோடு இருப்பவர் மாணவர்க்காகக் கையை நிறுத்திப் பாடினால் அன்றைய எண்ணிக்கை குறையும். குற்றாலத்தில் சாரற் காலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளியும் சிறு கடைக்காரரும் ஆண்டின் வருவாயை அச்சில திங்களிலேயே தேடுகின்றனர். தமிழ்த்துறைகளின் களப்பயிற்சிச் சுற்றுலாவும் அதே திங்களில்தான் குற்றாலத்துக்கு வருகின்றது! ஐந்தருவியில் நீராடி வந்த இருபது மாணவர் ஒரே வினாநிரலோடு ஒரே கடைக்காரரைச் சூழ்ந்தால், விடை எப்படி இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இழந்த நேரத்துக்கு ஈடு செய்தல் கடன். அது பாட்டுக்கு விலையாகாது. இவ்வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிக் கொடுத்தால் தரவு கெடுவதில்லை.

பாட்டுக்குச் சந்தையில் விலை இல்லாமையால் இக்கணக்கு நம் கண்ணுக்குப் புலப்படாமல் இருக்கின்றது. விலையுள்ள பொருள் ஒன்று வந்தபோது நிகழ்ந்ததைப் பொதியமலைத் தொடரே காட்டும். 1987இல் பாலோடு வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த அறிவியலார் அகத்தியமலைக் காட்டில் சென்றனர். புஷ்பாங்கதன் அவருள் தலைமையானவர். வழிகாட்டிய காணி இளைஞர் ஒரு சிறு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டு, அஃது என்ன என்று வினவினர். தம் குடியின் மறைபொருளாகலின் இளைஞர் முதலில் தயங்கினர், பின்னர்ச் சொல்லிவிட்டனர். ஆரோக்கியப்பச்சை எனப்பெறும் அச்செடியிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்து ஆக்கப்பெற்றுக் கோவையின் ஆரிய வைத்திய நிறுவனத்துக்கு உரிமம் வழங்கப்பட்டது. உரிமத்தொகை 10 இலட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு இரண்டு பங்குரிமை. இவற்றில் பாதியைக் காணி மக்களுக்குத் தர நிறுவனம் இசைந்தது. அதற்கென 1997இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. உலக அரங்கில் இது நல்ல முன்மாதிரியாகப் பேசப்பட்டது. பாராட்டத்தக்கதும் ஆம்.

ஆனால், ஆய்வு மாணவர் கற்கவேண்டியது பாராட்டின் மறுபக்கத்தில் உள்ளது. காணி மக்களிடையே மருந்தறிவை உரைக்கும் உரிமை ‘பிலாத்தி’ எனப்பெறும் மருத்துவர்க்கு உரியது. சொன்னவர்களோ வழிகாட்ட வந்த இளைஞர். பிலாத்தியருள் சிலர், தம் குடியின் அறிவு விற்கப்படுவதை எதிர்த்தனர். அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கு உரியது. அதே மலையின் கிழக்குச் சரிவில், பாவநாச மலைப்பகுதியில் வாழும் தமிழ்நாட்டுக் காணிகள் அதில் சேரவில்லை. எனவே, ‘அவர் இசைந்தார்’ என்று எழுதுமுன், இசையும் உரிமை அவர்க்கு உண்டா என்ற வினாவும் எழுகின்றது. கோயிற் பூசாரியின் மந்திரத்தை அவர் மகன் சொல்லித் தந்தால், கணியான் கூத்தில் நள்ளிரவுச் சடங்குக்கே உரிய பாட்டைக் குழுவின் இளையவர் ஒருவர் தேநீர்க் கடையில் பாடிக் காட்டினால், மாணவர் அதனை ஏற்றுக்கொள்ளலாமா? மூத்தோரைக் கேட்டபின் ஏற்றுக்கொள்வதே முறை. மூத்தோர் மறுக்கக்கூடும் என்பதனாலேயே நாம் இளையோரைத் தேடிச் செல்கின்றோம் என்பதை நமக்குள்ளேனும் ஒப்புக்கொள்வோம்.

சில இடங்களில் பெயரை மறைத்தலும் பயன்படாது. 1981 பிப்ரவரியில் தென்காசிக்கு அண்மையிலுள்ள மீனாட்சிபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் பல நூற்றுவர் இசுலாம் தழுவினர். ஊர் ரஹ்மத் நகர் எனவும் பெயர் பெற்றது. அரசியல் தலைவரும் அதிகாரிகளும் செய்தியாளரும் ஆய்வாளரும் அவ்வூரை நோக்கி வந்தனர். மும்தாஜ் அலி கானின் சமூகவியல் ஆய்வு 1983இல் நூலாக வெளிவந்தது. எல்லாரும் கேட்ட வினா ‘ஏன்’ என்பதே. பணத்துக்காகவா, மானத்துக்காகவா என்று வந்தவர் ஒவ்வொருவரும் கேட்க, அம்மக்கள் தம் மானத்தை மீண்டும் மீண்டும் மெய்ப்பிக்கவேண்டியவராயினர். இத்தகைய ஊரில் ஆய்வு செய்வோர், ஊர்ப்பெயரை மாற்றினும் ஆண்டும் நிகழ்ச்சியும் ஊரைக் காட்டிவிடும். ஆட்பெயரை மாற்றினும் வயதும் தொழிலும் ஆளைக் காட்டிவிடும். எண்ணூறு பேர் வாழும் ஊரில் ‘அறுபது வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர்’ என்பது பெயரே. அத்தகைய களத்தில், முன்னையோர் பதிந்துவைத்தவற்றைக் கொண்டே ஆய்ந்து, மீண்டும் கேளாதிருத்தலும் ஓர் ஆய்வு நெறிதான். புதிய தரவு இல்லை எனத் தேர்வாளர் குறை கூறலாம். அக்குறையைத் தாங்கிக்கொள்ளுதல் தகும்.

முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பாடினோரும் கிளவித்தலைவரும் ஒருவராக நிற்கும் பாட்டில் பெயரை எழுதுவதா, மறைப்பதா? ஆய்வாளர் தாமே முடிவு செய்யும்வரை இதற்கு நல்ல விடை இல்லை. எழுதினாலும் பிழை, மறைத்தாலும் பிழை. முடிவைப் பாடியவரிடமே விட்டால் சிக்கல் பெரும்பாலும் அவிழ்கின்றது. ஒருவர், “என் பேர் போடு, என் பேரன் பாக்கட்டும்” என்பார். ஒருவர் பாட்டைத் தந்து பெயரைத் தரமாட்டார். ஒருவர் தாலாட்டுக்குப் பெயர் தந்து ஒப்பாரிக்கு மறுப்பார். மற்றொருவர் வேறு பெயர் ஒன்றைத் தாமே இட்டுக்கொள்ளக்கூடும். செம்புலப்பெயனீரார்க்குத் தொகுத்தோர் இட்டதை இவர் தமக்குத் தாமே இட்டுக்கொள்கின்றார், அவ்வளவே. எனவே, பாட்டுக்குப் பாட்டு கேட்டல் வேண்டும். ஆளுக்கு ஒருமுறை கேட்டால் போதாது. பின்னிணைப்புப் பட்டியலை அடியோடு நீக்கிவிட்டு, ஒவ்வொரு பாட்டின் அடியிலும் பாடியவர் விரும்பியவாறு குறிப்பு எழுதுதலே தக்க முறை என்பது எம் துணிபு. சாதிக் கட்டம் ஆய்வுப் பொருளுக்கு இன்றியமையாத இடத்தில் மட்டும், ஆளோடு இணையாமல், மொத்தக் கணக்காக நிற்கலாம். களத்துக்குச் சென்றமைக்குச் சான்று வேண்டுமெனில் ஒலிப்பதிவைத் தேர்வாளர் தனியே கேட்டறியட்டும்.

முன்னரே களஞ்சியத்தில் ஏறிவிட்ட ஆய்வேடுகளின் நிலை எளிதன்று. பின்னிணைப்புக்களை மட்டும் மறைத்துவைக்கப் பல்கலைக்கழகங்கள் ஏற்பாடு செய்யலாம்; அது பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று. உயிரோடு உள்ள பாடகரைத் தேடிச்சென்று கேட்டல் அவ்வத்துறையின் இன்றைய மாணவர்க்கே நல்ல களப்பயிற்சியாகும். குற்றாலச் சுற்றுலாவின் ஒரு நாளை அதற்குச் செலவிடலாம். மறைந்துவிட்டவரின் பாடல்களுக்கு யாரிடம் கேட்பது என்பதில்தான் எமக்கு இன்னும் தெளிவு ஏற்படவில்லை. மகளிடம் கேட்கலாம் எனத் தோன்றும். ஆனால், ஒப்பாரியில் குத்திக்காட்டப்பட்டவர் அம்மகளின் கணவராகவே இருப்பின், தாயின் பாட்டை வெளியிடவேண்டா என்று மகள் சொல்லுவதற்கும், வெளியிடுக என்று தாய் அன்று சொன்னதற்கும் இடையே எதனை ஏற்பது?